பாஸான உடம்பு

செவ்வாய்க்கிழமை ஃபஜ்ருத் தொழுகைக்கு எழுந்து வலது காலைத் தரையில் வைத்தவுடனேயே நஜ்முதீனுக்குத் தெரிந்துவிட்டது, அந்தச் சைத்தான் இபுலீஸ் வந்துவிட்டான் என்று. கட்டைவிரல் கணு சிவந்து, பளபளவென்று வீங்கி, உள்ளே யாரோ அடுப்பு பற்றவைத்த மாதிரி கொதித்தது. ஈ வந்து உட்கார்ந்தால்கூட உயிர் போய்விடும். வியாதி வருவது வரட்டும், நாள் பார்த்தா வரவேண்டும்?

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் பிறகு பங்சாரில் புதுக் கடை திறப்பு. மலேசியாவில், கிள்ளான் ஊரில் ஆட்டு எலும்பு சூப்புக்குப் பேர்போன ஹஸ்ஸான் முதலாளியின் இரண்டாவது கடை. அந்தப் பேரை வாங்கிக் கொடுத்தது நஜ்முதீனின் கைதான் என்பது முதலாளிக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். பங்சாருக்கு அவர்தான் பெரிய மாஸ்டர் என்று போன மாதமே பேச்சு. பெரிய மாஸ்டருக்குக் கடைக்குப் பின்னால் தனி ரூம் உண்டு. எட்டு வருஷமாக ஐந்து பேரோடு ஒரே அறையில் காலை மடக்கிப் படுத்த மனுஷனுக்குத் தனி ரூம்! ரூம் இருந்தால் அதிராம்பட்டினத்திலிருந்து ஆயிஷா வந்து ஒரு மாதம் தங்கலாம். கல்யாணமாகி இருபது வருஷத்தில் புருஷன் வேலை பார்க்கிற ஊரை அவள் கண்ணால் பார்த்ததில்லை. பாஸ்போர்ட் எடுத்து, பெட்டிகூட வாங்கிவிட்டாள்.

"பங்சார் உனக்குத்தான் நஜ்மு," என்று சொன்ன கையோடு முதலாளி ஒன்று சேர்த்துச் சொல்லியிருந்தார். "ஆனா காலையிலேர்ந்து கடை சாத்துற வரைக்கும் நிக்கணும்லா. முடியாதுன்னா இப்பவே சொல்லிரு, அழகிரிய போட்டுர்றேன்."

"நிப்பேன் முதலாளி," என்றார் இவர். இந்தக் காலை நம்பித்தான் சொன்னார்.

அவசரத்துக்கு இருக்கவே இருக்கிறது கறுப்பு மாத்திரை. பாசார் சந்தைப் பக்கம் ஒருவன் பேர் ஊர் இல்லாத பிளாஸ்டிக் பொட்டலத்தில் போட்டு விற்பான். மூட்டு வலி, முதுகு வலி, சுளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை. ஒன்று போட்டால் இரண்டு மணி நேரத்தில் வலி இருந்த இடம் தெரியாது. எட்டு வருஷமாக அதுதான் நடந்தது. வலி முதலில் வருஷத்துக்கு ஒரு தரம் வந்தது, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தரம், இப்போது மாதத்துக்கு இரண்டு தரம். வலி வந்தால் மாத்திரை, வலி போனால் வியாதியும் போச்சு. நஜ்முதீனின் வைத்திய சாஸ்திரம் அவ்வளவுதான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுபோகும் என்கிற கணக்கு.

அன்றைக்கு ஒன்று போட்டார். சூப் சட்டி கொதி வந்தபோதும் வலி குறையவில்லை. இரண்டாவது போட்டார். ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு, அடுப்புமேடையில் இடுப்பைச் சாய்த்து, அகப்பையை ஊன்றுகோல் போலப் பிடித்துக்கொண்டு நின்றார். நாலு சட்டி சூப், ஒவ்வொன்றிலும் ஒரு கிண்ணம் குடித்துப் பார்ப்பது அவர் வழக்கம். அன்றைக்கு நாக்கில் உப்பும் தெரியவில்லை, காரமும் தெரியவில்லை.

"பாய், காலுக்கு என்ன?" என்றான் பக்கத்து அடுப்பு மாஸ்டர் அழகிரி. மன்னார்குடிப் பையன் என்று இவர் சொல்வார், அவனுக்கே முப்பத்தி நாலு வயது.

"ஷூ கடிச்சிருச்சு."

"போன வாரமும் ஷூதான் கடிச்சிச்சு. அது ஷூவா, நாயா?"

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். ஆனால் அழகிரி சிரித்து முடித்த பிறகும் காலையே பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குச் சுருக்கென்றது. கழுகு மாதிரி பார்க்கிறான், ரூமைப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டார். பாவம், அவன் வெறுமனே காலைத்தான் பார்த்தான்.

பத்து மணிக்கு முதலாளியிடம், "பிரிக்பீல்ட்ஸ்ல மசாலா சாமான் கொஞ்சம் பாக்கணும்," என்று ஒரு பொய் சொன்னார்.

"பாத்துட்டு நாலு மணிக்குப் பங்சார் வந்துரு. உன் அடுப்பு வந்திருச்சு. எங்க வைக்கணும்னு நீ வந்து சொல்லு," என்றார் முதலாளி. 'உன் அடுப்பு' என்று அவர் சொன்னது இவருக்குத் தேனாகவும் இருந்தது, தேளாகவும் இருந்தது.

நிஜத்தில் போனது அங்கே இருக்கிற ஒரு டாக்டரைப் பார்க்க. கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் ஒரு மணி நேரம். உட்கார்ந்தால் கால் துடித்தது, நின்றால் குத்தியது. உட்கார்ந்தார், எழுந்தார், கதவுப் பக்கம் போனார், திரும்பி வந்தார். எதிரே இருந்த மலாய்க்கார அம்மா, ஒன்று இவன் திருடனாக இருக்கவேண்டும், இல்லை வயிற்றுப்போக்காக இருக்கவேண்டும் என்பது போலப் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். ஊசி ஒன்று போடச் சொல்லவேண்டும், வெள்ளிக்கிழமை வரை தாங்குகிற ஊசியாக. அதற்கு மேல் டாக்டரிடம் அவருக்கு வேலை இல்லை.

டாக்டர் உஷாராணிக்கு அப்படித் தோன்றவில்லை. காலைப் பார்த்ததும், விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்ததும், "எக்ஸ்ரே எடுக்கணும் அண்ணே," என்றார்.

"எக்ஸ்ரே எதுக்கு டாக்டர்? நான்தான் பாஸ் ஆச்சே," என்றார் நஜ்முதீன்.

"என்ன பாஸ்?"

போனை எடுத்துக் காட்டினார். வேலை பெர்மிட்டுக்கு எடுக்கிற மெடிக்கல் ரிப்போர்ட். வேலைக்குத் தகுதியானவர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இந்த எட்டு வருஷத்தில் ஆறு தரம் மெடிக்கல், ஆறிலும் பாஸ். அது சும்மா கிடைத்த பாஸ் இல்லை. மெடிக்கலுக்குப் பத்து நாள் முன்னாலேயே அறையில் ஆறு பேரும் விரதம் மாதிரி ஆரம்பித்துவிடுவார்கள். ஒருவன் சீனியைத் தொடமாட்டான், ஒருவன் சிகரெட்டைத் தொடமாட்டான். இவர் சூப்பைத் தொடாமல், பார்லித் தண்ணீர் குடித்து, கறுப்பு மாத்திரையும் போட்டுக்கொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நடந்து போவார். ரிசல்ட் வந்த அன்று எல்லோருக்கும் கோழி பிரியாணி. ஒரு தேசத்தின் கவர்மெண்டே பார்த்து நல்ல உடம்பு என்று சொன்ன பிறகு, ஒரு கட்டைவிரல் எதிர்த்துப் பேசினால் அதைக் கேட்பானேன்?

டாக்டர் சிரிக்கவில்லை. "முதல்ல காலப் படம் எடுப்போம், அப்புறம் பேசுவோம்," என்றார்.

படம் திரையில் வந்தது. நஜ்முதீனுக்கு எலும்பைப் பற்றி யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. தினம் நாற்பது கிலோ எலும்பு அவர் கையில் புரள்கிறது. முழங்கால் எது, குறுக்கு எது, குட்டியாடு எது, கிழடு எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். டாக்டர் பேனாவைத் தூக்கும் முன்பே அவர் கண் அந்த இடத்துக்குப் போய்விட்டது. கட்டைவிரல் மூட்டுக்குப் பக்கத்தில் எலும்பின் ஓரம் காணவில்லை. வட்டமாக ஒரு பள்ளம். பள்ளத்தின் விளிம்பு கொக்கி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இன்னொரு சின்னப் பள்ளம்.

"எலி கடிச்ச பிஸ்கட் மாதிரி இருக்கா?" என்றார் டாக்டர்.

"வெந்துபோன எலும்பு டாக்டர் இது," என்றார் நஜ்முதீன். சூப் பதம் வந்ததா என்று அகப்பையால் எலும்பின் நுனியை அழுத்திப் பார்ப்பார். பொலபொலவென்று உதிர்ந்தால் அடுப்பை அணைப்பார். இது அந்தப் பதத்து எலும்பு. அதுவும் தன் காலில்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். "உங்க இரத்தத்துல யூரிக் ஆசிட் அதிகமாயிருக்கு. சாப்பாடு மட்டும் காரணம் இல்ல, உங்க கிட்னி அத ஒழுங்கா வெளியேத்தல. மிச்சம் ஊசி ஊசியா மூட்டுல போயி படியுது. ஒரு நாள் திடீர்னு வீங்கி வலிக்கும், அதான் கௌட். படிஞ்சது சேர்ந்து சேர்ந்து கட்டியாகும். இந்த விரல் பக்கத்துல உருண்டையா இருக்கே, இது எத்தன நாளா?"

"அது கால் ஆணி டாக்டர். ஒரு தடவ பிளேடால சீவினேன். சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா வந்துச்சு."

டாக்டர் ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தார். "இனிமே பிளேடத் தொடாதீங்க. அது ஆணி இல்ல, அந்தக் கட்டிதான். கட்டி ஒட்டியிருக்கிற இடத்துல எலும்ப உங்க உடம்பே கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுத் தின்னுது."

"மாத்திரை போட்டா வலி போயிருமே டாக்டர். வலிக்காத நாள்ல அது சும்மாதானே இருக்கும்?"

"வலிக்காத நாள்லதான் அண்ணே நிதானமா தின்னுச்சு."

நஜ்முதீன் நினைத்துப் பார்த்தார். எத்தனை நல்ல நாட்கள்! வலி இல்லை, அல்ஹம்துலில்லாஹ் என்று விசிலடித்துக்கொண்டு சூப் கிண்டிய நாட்கள். அத்தனை நாளும் உள்ளே பந்தி நடந்துகொண்டிருந்திருக்கிறது.

கறுப்பு மாத்திரையை டாக்டர் வாங்கி மோந்து பார்த்தார். "லேபிள் இல்ல. இந்த மாதிரி மாத்திரையில ஸ்டீராய்டு கலந்திருப்பாங்க. வலியையும் வீக்கத்தையும் அமுக்கும், யூரிக் ஆசிட்ட ஒண்ணும் செய்யாது. எலும்பையும் பலவீனமாக்கும். உங்க முகம் இப்படி உப்பியிருக்கிறதே அதனாலதான்னு நினைக்கிறேன்." ஊரில் போட்டோ பார்த்தவர்கள் எல்லாம் மலேசியாச் சாப்பாட்டில் பூரித்துவிட்டதாகச் சொன்ன முகம் அது. "ஆனா டக்குனு நிறுத்திராதீங்க, அதுவும் ஆபத்து. நான் சொல்ற மாதிரி குறைக்கணும்."

"போன எலும்பு திரும்ப வருமா டாக்டர்?"

"பெரும்பாலும் வராது. ஆனா இருக்கிறதக் காப்பாத்தலாம். யூரிக் ஆசிட்டக் குறைக்க ஒரு மாத்திரை தினமும் போடணும். வலி இருந்தாலும் இல்லாட்டியும் போடணும். முதல் சில மாசம் நடுநடுவுல வலி வரும், பயந்து நிறுத்தக்கூடாது. சூப்ப ஒரு ஸ்பூன் ருசி பாருங்க, கிண்ணம் கிண்ணமா குடிக்காதீங்க. இப்ப ரெண்டு வாரம் கால் தரையில நிக்கவே கூடாது."

"வெள்ளிக்கிழமை மட்டும் போகட்டும் டாக்டர். சனிக்கிழமைலேர்ந்து நீங்க சொல்றபடி..."

"எட்டு வருஷமா இப்படித்தானே தள்ளிப் போட்டீங்க?" என்றார் டாக்டர். ரெண்டு வாரத்துக்கு எம்.சி., மருத்துவ லீவுச் சீட்டு, எழுதிக் கையில் கொடுத்தார்.

எம்.சி.யைச் சட்டைப் பையில் வைத்தார், எடுத்துக் கால்சட்டைப் பையில் வைத்தார், திரும்ப எடுத்துச் சட்டைப் பையிலேயே வைத்தார். காட்டினால் பங்சார் போச்சு. காட்டாவிட்டால் கால் போச்சு. டாக்டர் கொடுத்த மாத்திரை வேலை செய்யவும் நேரமாகும். எங்கேயாவது உட்காரலாம் என்றால் இருப்புக்கொள்ளவில்லை. பூக்கடை ஓரமாக நடந்தார், சேலைக்கடை வாசலில் நின்றார், மறுபடி நடந்தார். வெள்ளிக்கிழமையை ஓட்டிவிடலாம், அதற்கப்புறம் அல்லா இருக்கிறான் என்று ஒரு மனசு. கண்ணை மூடினால் அந்த வட்டப் பள்ளம். இப்போது கடை திறப்புக்காக மூன்று நாள் தள்ளுவது, அப்புறம் நோன்புக்காக, அப்புறம் பெருநாளுக்காக. கடைக்கு ஆள் வேண்டாத நாள் எந்த நாள்?

சிக்னலில் வெள்ளைக் குச்சியோடு கண் தெரியாத ஒருவர் நின்றிருந்தார். பார்வையற்றோர் சங்கம் இருக்கிற பிரிக்பீல்ட்ஸில் அது புதுசில்லை. இருவரும் சேர்ந்தே சாலையைக் கடந்தார்கள். அந்தப் பக்கம் போனதும் அவர், "அண்ணே, வலது கால்தானே?" என்றார்.

நஜ்முதீன் திடுக்கிட்டார். "எப்படிங்க தெரியும்?"

"ஒரு கால் வைக்குது, ஒரு கால் இழுக்குது. ரொம்ப நாள் இழுவை மாதிரி கேக்குதே."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குக் குச்சியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். நஜ்முதீன் நடுநடைபாதையில் நின்றார். கண் உள்ளவர்களிடமிருந்து இத்தனை வருஷம் மறைத்த காரியம். ஊருக்குப் போயிருந்தபோதுகூட, வேகிற வெயிலில் ஒரு மாதம் சாக்ஸைக் கழற்றாமல், போட்டே பழகிவிட்டது என்று ஆயிஷாவிடம் சாதித்தவர் அவர். கண் தெரியாத மனுஷர் பத்தடி நடையில் கண்டுபிடித்துவிட்டார். அவமானமாக இருந்தது. கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம்.

பங்சாரில் கடை வாசலெல்லாம் அட்டைப்பெட்டி. ஹஸ்ஸான் முதலாளி வியர்வையும் சந்தோஷமுமாக நின்றார். அழகிரியும் அங்கே இருந்தான், பாத்திரங்களை இறக்கிக்கொண்டு. அவனைப் பார்த்ததும் எம்.சி. இன்னும் ஆழமாகப் பைக்குள் போய்விட்டது.

"வாலா நஜ்மு! மேல வா, கிச்சன் மேலதான். கீழ முழுக்க மேசை போட்டாச்சு."

மேலே! நஜ்முதீன் படிகளை அண்ணாந்து பார்த்தார். செங்குத்தாக இருபதுக்குக் குறையாது. முதலாளி இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிப்போய் மேலே நின்றார். இவர் கைப்பிடியைப் பிடித்தார். முதல் படி. இரண்டாவது. சிரித்த முகத்தோடு ஏறவேண்டும், அதுதான் முக்கியம். ஐந்தாவது படியில் பல்லைக் கடித்தார். ஏழாவதில் கண்ணில் தண்ணீர் வந்தது. காலை ஊன்றுகிறபோதெல்லாம் அந்த எலும்பு கண்ணுக்குத் தெரிந்தது, அகப்பை போய் அதை அழுத்துவது தெரிந்தது. இன்னும் எத்தனை அழுத்துக்கு அது தாங்கும்?

பத்தாவது படியில் அவர் உட்கார்ந்துவிட்டார்.

முதலாளி முன்னால் உட்காருவது அந்தக் கடையில் இல்லாத வழக்கம். எட்டு வருஷத்தில் ஒரு தரம்கூட அவர் உட்கார்ந்ததில்லை. கீழே அழகிரி கையில் சட்டியோடு அப்படியே நின்றான்.

"என்னலா, என்ன ஆச்சு?" என்று முதலாளி இறங்கி வந்தார்.

நஜ்முதீன் எம்.சி.யை எடுத்து நீட்டினார். முதலாளி படித்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடி படித்தார்.

"ரெண்டு வாரமா? வெள்ளிக்கிழமை கடை திறக்கிறேன்லா நான்! போன மெடிக்கல்ல பாஸ் பண்ணினே. ஒவ்வொரு தடவையும் பாஸ் பண்ணினே. அப்புறம் எப்படிலா இது?"

அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. காலையில் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்த தன்னையே பார்ப்பது போல நஜ்முதீனுக்கு இருந்தது.

"நெஞ்சப் படம் எடுத்தாங்க முதலாளி. இரத்தம் எடுத்தாங்க. மத்தவங்களுக்கு ஒட்டுற வியாதி ஏதாவது இருக்கான்னு பாத்தாங்க. என் கால யாரும் பாக்கல. நானும் காட்டல."

முதலாளி கைப்பிடியில் சாய்ந்து நின்றார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் கடை வைத்திருக்கிற மனுஷர். "முன்னமே சொல்லியிருக்கலாமேலா," என்றார் கடைசியில். "ரெஸ்ட் எடு. கால் சரியானதும் கிள்ளானுக்கே வா. உக்காந்து செய்யிற வேலையா பாப்போம். இங்க அழகிரி நிக்கட்டும்."

"ரூமு முதலாளி?"

"ரூமு இந்தக் கடை மாஸ்டருக்குலா." வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

அழகிரி மேலே வந்து தோளைக் கொடுத்தான். "புடிச்சுக்குங்க பாய்." நஜ்முதீன் பிடித்துக்கொண்டார். பத்துப் படியும் நொண்டி நொண்டித்தான் இறங்கினார், எல்லோரும் பார்க்க. மறைக்க இனி ஒன்றும் இல்லை.

வெளியே ஓர் அட்டைப்பெட்டியின் மேல் உட்காரவைத்துவிட்டு அழகிரி தண்ணீர் வாங்கப் போனான். நஜ்முதீன் போனை எடுத்தார். சொல்லத்தானே வேண்டும். ஆயிஷா முகம் திரையில் வந்தது, பின்னால் கட்டில்மேல் பெட்டி திறந்து கிடந்தது.

"நல்லவேளை கூப்பிட்டீங்க. கருவாடு எடுத்தாந்தா ஏர்போர்ட்ல புடிச்சுக்குவாங்களா?"

"ஆயிஷா, இப்ப வர முடியாது. ரூமு கிடைக்கல."

"ஏனாம்?"

"காலு."

"காலுக்கென்ன?"

"வலிக்குது." அந்த ஒரு வார்த்தையை அவளிடம் அவர் சொல்வது அதுதான் முதல் தரம்.

"எத்தன நாளா?"

"எட்டு வருஷமா."

பெட்டியும் கட்டிலும் திரையிலிருந்து போய், அவள் முகம் மட்டும் கிட்டத்தில் வந்தது. "தினம் நல்லாயிருக்கேன் நல்லாயிருக்கேன்னு இந்த மூஞ்சியைத்தானே எனக்குக் காட்டுனீங்க?" என்றாள். "மூஞ்சிய எடுங்க. கால காட்டுங்க."

நஜ்முதீன் குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தார், சாக்ஸை மெல்ல உருவினார், போனைக் கீழே இறக்கிப் பிடித்தார்.